ஊர் கூடித் தாயைக் காத்த வரலாறு

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அதை அவர்கள் அழகுக்காகச் சொல்லவில்லை. பேறுகால வலியோடு அறைக்குள் சென்ற மகள் உயிரோடு திரும்புவாளா என்று வாசலில் காத்திருந்த தலைமுறைகளின் அச்சம் அச்சொற்களில் உறைந்திருக்கிறது. அந்த அச்சம் இன்னும் முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2023-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கருவுற்ற காலத்திலோ மகப்பேற்றிலோ அதைத் தொடர்ந்த நாள்களிலோ உயிரிழந்தனர். நாளொன்றுக்கு எழுநூறு பேருக்கும் மேல். இவர்களுள் மிகப் பலர் காப்பாற்றப்பட்டிருக்கக் கூடியவர்கள் என்பதுதான் நம் நெஞ்சை உறுத்த வேண்டிய செய்தி.

இத்தகைய இறப்புகளைக் கேள்விப்படும்போது, "பக்கத்தில் மருத்துவர் இல்லை, மருத்துவமனை இல்லை" என்றே நாம் உடனே எண்ணுகிறோம். அது பாதி உண்மை. மருத்துவம் எட்டும் தொலைவில் இருந்தும் அது தாயிடம் போய்ச் சேராத நிகழ்வுகள் வரலாறு நெடுகிலும் உண்டு. அங்கெல்லாம் இடையில் நின்றது எது? அதைத் தகர்த்தவர் யார்? நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்றை இக்கேள்விகளோடு திரும்பிப் பார்ப்போம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

1890-களில் திண்டிவனத்தில் நடந்த நிகழ்ச்சியை நம்மில் பலர் கேட்டிருப்போம். அமெரிக்க மறைப்பணிக் குடும்பத்தில் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அப்போது இளம்பெண். இந்தியாவில் தங்கிப் பணியாற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. ஓரிரவில் மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். மூவரின் மனைவியரும் மகப்பேற்று வலியில் உயிருக்குப் போராடிக் கொண்டிருந்தனர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறு ஐடா வேண்டினார். அயல் ஆடவர் தம் மனைவியைப் பார்ப்பது வழக்கத்துக்கு ஒவ்வாது என்று மூவரும் மறுத்துத் திரும்பினர். மறுநாள் காலையில் மூன்று பெண்களும் இறந்த செய்தி வந்தது.

அதன்பின் ஐடா மருத்துவம் கற்று 1900-இல் திரும்பி வந்தார். வேலூரில் 1902-இல் மருத்துவமனையையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இன்று உலகறிந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அவ்வாறு பிறந்தது. இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது ஐடாவின் மனமாற்றத்தையே நாம் பெரிதும் போற்றுகிறோம். அது தகும். ஆயினும் அந்த இரவின் இன்னொரு பாடத்தைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். அந்த வீட்டில் மருத்துவர் இருந்தார். வர அணியமாகவும் இருந்தார். மருத்துவருக்கும் தாய்க்கும் இடையே நின்றது வழக்கம் என்னும் சுவர். அச்சுவருக்கு அக்காலத்தில் கிடைத்த விடை, பெண்களையே மருத்துவராக்குவது.

திருச்சபைக்குள்ளும் ஒரு தடை

சுவர்கள் பிறருடைய வீடுகளில் மட்டுமே இருந்தன என்று நாம் எண்ணிவிடலாகாது. கற்பு வார்த்தைப்பாடு அளித்த அருள்சகோதரியர் மகப்பேற்றுப் பணியில் ஈடுபடுவது தகாது என்பது அந்நாளைய திருச்சபை ஒழுங்கு. துறவு வாழ்வின் தூய்மையைக் காக்க எண்ணியே அது வகுக்கப்பட்டது. ஆனால், ஆண் மருத்துவரை ஏற்க மறுத்த நாடுகளில், நோயாளரைப் பேணும் அருள்சகோதரி பேறுகால அறையின் வாசலிலேயே நின்றுவிட வேண்டியிருந்தது.

இதை எண்ணி வருந்தியவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஆக்னஸ் மெக்லாரன். 1837-இல் பிறந்து, 1878-இல் பிரான்சின் மோன்பெலியே பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, தம் அறுபதாம் வயதைக் கடந்த பின் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவியவர் அவர். இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில் பெண்களுக்கென மருத்துவமனை எழக் காரணமாயிருந்தார். அருள்சகோதரியர் மருத்துவராகவும் மகப்பேற்றுப் பணியாளராகவும் செயல்பட இசைவு தருமாறு திருப்பீடத்துக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். விடை கிடைக்குமுன் 1913-இல் இறந்தார்.

அவரோடு மடல் தொடர்பு கொண்டிருந்த ஆஸ்திரிய இளம்பெண் அன்னா டெங்கல் மருத்துவம் கற்று ராவல்பிண்டிக்கு வந்தார். 1925-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் மருத்துவப் பணிக்கென ஒரு சபையைத் தொடங்கினார். தடை நீங்காமையால் அச்சபையினர் தொடக்கத்தில் பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்க இயலவில்லை. 1936-இல்தான் மறைபரப்புப் பேராயம், அருள்சகோதரியர் மகப்பேறு உள்ளிட்ட மருத்துவப் பணிகளை மேற்கொள்ளலாம் என அறிவுறுத்தல் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1920-இல் குண்டூருக்கு வந்து, திருத்தந்தையின் தனி இசைவோடு துறவியாகவும் மருத்துவராகவும் பணியாற்றிய மேரி குளோரி, 1943-இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் கூட்டமைப்புக்கு வித்திட்டார். நம் மறைமாவட்டங்களில் மகப்பேற்று மனைகளை நடத்திய எத்தனையோ அருள்சகோதரியரின் பணிக்குப் பின்னால், கதவை விடாது தட்டிய இந்தப் பெண்களின் பொறுமை இருக்கிறது.

ஆக, பெண் மருத்துவர்கள் வந்தனர், அருள்சகோதரியருக்கு இருந்த தடையும் நீங்கியது, மருத்துவமனைகள் பெருகின. அத்துடன் தாய்மார் இறப்பது நின்றுவிட்டதா? இல்லை. இன்னொரு சுவர் எஞ்சியிருந்தது.

ஜாம்கேடு காட்டிய வழி

வேலூர்க் கல்லூரியில் பயின்ற ராஜனிகாந்த் அரோலே, மேபெல் அரோலே என்னும் மருத்துவத் தம்பதியர், தம் வாழ்வைச் சிற்றூர் ஏழைகளுக்கே அளிப்பதென 1960-இல் திருமணத்தின்போதே உறுதி பூண்டவர்கள். முதலில் ஒரு மறைப்பணி மருத்துவமனையில் பணியாற்றினர். நோய் தீர்ந்து வீடு சென்றவர்கள் அதே நோயோடு திரும்பி வருவதைக் கண்டனர். மருத்துவமனைக்கே வராமல் ஊரில் மடிபவர்கள் அவர்களினும் பலர் என்பதை உணர்ந்தனர். அமெரிக்காவில் பொது நலவாழ்வியல் பயின்று திரும்பி, 1970-இல் மகாராட்டிர மாநிலத்தின் வறண்ட பகுதியான ஜாம்கேடில், கைவிடப்பட்ட பழைய கால்நடை மருந்தகம் ஒன்றில் பணி தொடங்கினர்.

அன்று அப்பகுதியில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 176 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். பேறுகாலத்துக்கு முந்திய கவனிப்புப் பெற்ற தாய்மார் இருநூற்றுக்கு ஒருவர் எனலாம். கருவுற்றவள் குறைவாக உண்டால் குழந்தை சிறிதாகி, பேறு எளிதாகும் என்ற நம்பிக்கையால், ஏற்கெனவே மெலிந்த உடல் மேலும் மெலிந்தது. கொப்பூழ்க்கொடியைக் கதிர் அரிவாளால் அறுத்துச் சாணம் வைப்பதும், அதனால் இசிவு நோய் கண்டு சிசு இறப்பதும் ஊழ் என்று கொள்ளப்பட்டன. சீம்பால் தீங்கென்று பீய்ச்சி எறியப்பட்டது.

அரோலே தம்பதியர் முதலில் பயிற்சி பெற்ற செவிலியரை ஊர்களில் குடியமர்த்திப் பார்த்தனர். அது பலிக்கவில்லை. நகர்ப்புறத்திலிருந்து வந்த இளம்பெண்ணின் அறிவுரையை மாமியாரும் மூத்தோரும் செவிமடுக்கவில்லை. செவிலிக்கு ஊர் அயலாக இருந்தது. ஊருக்குச் செவிலி அயலாக இருந்தாள். அதன்பின் அவர்கள் துணிந்து வேறொரு வழியில் இறங்கினர். ஊராரே தம்முள் ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க, அவளுக்கு நலவாழ்வுப் பயிற்சி அளிப்பது. அவ்வாறு வந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். பலர் தலித் பெண்கள். கணவனால் கைவிடப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். தம் வீட்டிலேயே பெயர் சொல்லி அழைக்கப்படாத அப்பெண்கள் வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து, சாதி வேறுபாடின்றி ஒன்றாக அமர்ந்து உண்டு, ஒன்றாகக் கற்றனர்.

கற்றவை எளியவை. கருவுற்றவளின் முகமும் காலும் வீங்கினால் அது இரத்த அழுத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். குருதிப்போக்கு எப்போதும் அபாயம். குழந்தை குறுக்கே கிடந்தால் உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கொடியைத் தூய பிளேடால் அறுத்துத் தூய நூலால் கட்ட வேண்டும். தாய் நன்றாக உண்ண வேண்டும். இவற்றை மருத்துவர் சொன்னபோது தலையாட்டிவிட்டு மறந்த ஊர், தன்னைப்போலவே பேசும் பெண், தன் வாழ்விலிருந்தே எடுத்துக்காட்டிச் சொன்னபோது கேட்டது. பழைய மருத்துவச்சியரும் ஒதுக்கப்படவில்லை. அவர்களும் உடன் சேர்த்துக் கொள்ளப்பட்டனர்.

நலவாழ்வைச் சாதியினின்றும் வறுமையினின்றும் பிரித்துப் பார்க்க இயலாது என்பதையும் ஜாம்கேடு கண்டுகொண்டது. 1970-களின் கடும் வறட்சியில் குழாய்க்கிணறுகள் தலித் குடியிருப்புகளில் தோண்டப்பட்டன. நீர் மொள்ள ஏனையோர் அங்கு வர நேர்ந்தது. ஆடவர் உழவர் மன்றங்களாகவும் பெண்கள் மகளிர் மன்றங்களாகவும் கூடினர். மனைவியின் கருவுற்ற காலத்தைப் பற்றிக் கணவன் பொது இடத்தில் பேசும் நிலை மெல்ல உருவாயிற்று.

இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், 1993-க்குள், சிசு இறப்பு ஆயிரத்துக்கு 19 ஆகக் குறைந்தது. தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் முறையான கவனிப்பும் பாதுகாப்பான மகப்பேறும் பெற்றனர். மக்களே முன்னின்று நடத்தும் நலப்பணிகளைப் பற்றி உலக நலவாழ்வு நிறுவனம் 1975-இல் வெளியிட்ட நூலில் ஜாம்கேடு இடம்பெற்றது. 1978-இல் அல்மா ஆட்டா மாநாடு, மக்களின் பங்கேற்பை அடிப்படை நலவாழ்வின் தூணாக அறிவித்தது. 1979-இல் அரோலே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது.

1988-இல் வாஷிங்டனில் நடந்த பன்னாட்டு நலவாழ்வு மாநாட்டில், ஜாம்கேடின் நலப்பணியாளர் முக்தாபாய் போல் பேசினார். அரங்கின் கூரையில் ஒளிர்ந்த சரவிளக்குகளைக் காட்டி, மருத்துவர்கள் இவற்றைப் போன்றவர்கள் என்றார். அழகு மிக்கவை, விலையும் மிக்கவை, எளியவர் கைக்கு எட்டாதவை. பின்பு தாம் கொண்டு வந்த சிறு அகல்விளக்குகளை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றை ஏற்றிக் காட்டி, தம்மைப் போன்றோர் இந்த விளக்குகள் என்றார். சரவிளக்கால் இன்னொரு விளக்கை ஏற்ற முடியாது. ஊர்ப்பெண் ஒருவர் உலகத்தின் நிபுணர்களுக்குக் கற்பித்த பாடம் அது.

கூடிப் பேசுவதன் ஆற்றல்

"அரோலே போன்ற அரிய மனிதர் இருந்ததால் அங்கு நடந்தது, எல்லா இடத்திலும் நடக்குமா?" என்று ஐயுறுவோர் உண்டு. நியாயமான ஐயம். அதற்கு விடை பிற நாடுகளிலிருந்து வந்தது.

தென் அமெரிக்காவின் பொலிவியாவில், இன்கிசிவி என்னும் மலைப்பகுதியில், 1990 முதல் 1993 வரை ஊர்ப்பெண்கள் சிறு குழுக்களாகக் கூடித் தம் பேறுகாலத் துன்பங்களைப் பேசித் தாமே தீர்வு தேடினர். அத்திட்டத்தின் பெயர் வார்மி. அம்மண்ணின் மொழியில் "பெண்" என்பது பொருள். மகப்பேற்றை ஒட்டிய சிசு இறப்பு அங்கு ஆயிரத்துக்கு 117-இலிருந்து 44 ஆகக் குறைந்தது.

இதைப் பின்பற்றி நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2004-இல் வெளியாயிற்று. ஊர்கள் இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. இரு பகுதிகளிலும் நலவாழ்வு நிலையங்கள் ஒரேபோல் மேம்படுத்தப்பட்டன. ஒரு பகுதியில் மட்டும் உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதந்தோறும் பெண்களைக் கூட்டினார். அவர் மருத்துவரும் அல்லர், செவிலியும் அல்லர். அறிவுரை வழங்குவது அவர் வேலையன்று. கேள்வி கேட்பதே வேலை. நம் ஊரில் யார் இறந்தார்? ஏன் இறந்தார்? நாம் என்ன செய்யலாம்? பெண்கள் பேசினர். அவசரச் செலவுக்குப் பொதுப்பணம் சேர்த்தனர். மலைப்பாதையில் தாயைத் தூக்கிச் செல்லத் தூக்குக் கட்டில் அமைத்தனர். தூய மகப்பேற்றுப் பொருள்களைத் தாமே வழங்கினர். குழுக்கள் இருந்த ஊர்களில் பிறந்து ஒரு மாதத்துக்குள் இறக்கும் சிசுக்களின் விகிதம் முப்பது விழுக்காடு குறைவாக இருந்தது. தாய்மார் இறப்பு அங்கு இரண்டு. குழுக்கள் இல்லாத ஊர்களில் பதினொன்று. எண்ணிக்கை சிறியதாகையால் ஆய்வாளர் இதை எச்சரிக்கையோடு கூறினர்.

நம் நாட்டில் ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களின் பழங்குடியினர் பகுதிகளில், ஏக்ஜுட் என்னும் அமைப்பு 2005 முதல் 2008 வரை இதே முறையைப் பின்பற்றியது. படங்களாலும் கதைகளாலும் விளையாட்டுகளாலும் உரையாடல் நிகழ்ந்தது. மூன்றாண்டுகளில் அங்கும் பச்சிளஞ்சிசு இறப்பு 32 விழுக்காடு குறைந்தது. இந்தியா, நேபாளம், வங்காளதேசம், மலாவி ஆகிய நாடுகளின் ஏழு ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய 2013-ஆம் ஆண்டு அறிக்கை, கருவுற்ற பெண்களில் மூன்றில் ஒரு பங்கினரளவுக்குக் குழுக்களில் கலந்துகொண்ட இடங்களில் தாய்மார் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. 2014-இல் உலக நலவாழ்வு நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

தோல்வி ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. அதையும் சொல்லியாக வேண்டும். வங்காளதேசத்தில் 2010-இல் வெளியான முதல் ஆய்வில் பயன் எதுவும் தென்படவில்லை. ஏறத்தாழ 1,400 பேருக்கு ஒரு குழு என்றிருந்ததால், கருவுற்ற பெண்களில் மிகச் சிலரே வந்தனர். பின்பு ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு குழு எனப் பெருக்கியபோது, 2013-இல் சிசு இறப்பு 38 விழுக்காடு குறைந்தது கண்டறியப்பட்டது. மக்கள் பங்கேற்பு என்று பெயர்ப்பலகை மாட்டினால் போதாது; மக்கள் உண்மையில் பங்கேற்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

வெறும் பேச்சு எப்படி உயிரைக் காக்கும் என்று வியக்கலாம். தாய்மார் இறப்பை ஆராய்ந்த இரு அறிஞர்கள் 1994-இல் மூவகைத் தாமதங்களைச் சுட்டிக் காட்டினர். மருத்துவமனைக்குப் போகலாம் என முடிவெடுப்பதில் தாமதம். போய்ச் சேர்வதில் தாமதம். சேர்ந்த பின் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். பேறுகாலத்துக்குப் பின் வரும் பெருங்குருதிப்போக்கு இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடும். அந்நேரத்தில் மாமியாரைக் கேட்டு, வெளியூர்க் கணவன் வரக் காத்திருந்து, பணத்துக்கு அலைந்து, வண்டிக்கு ஆளனுப்பிக் கொண்டிருந்தால் மிகச் சிறந்த மருத்துவமனையும் என்ன செய்யும்? மூன்றாம் தாமதத்தை மருத்துவமனைதான் நீக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கும் குருதிக்கும் மாற்று எதுவும் இல்லை. ஆனால் முதலிரண்டு தாமதங்களும் வீட்டுக்கும் ஊருக்கும் உரியவை. அவற்றை ஊர்தான் நீக்க முடியும்.

நம் முன் நிற்கும் கேள்வி

தமிழகத்தில் இன்று ஏறத்தாழ எல்லா மகப்பேறுகளும் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. 2018-20 கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு இந்தியாவில் 97, தமிழகத்தில் 54. பாராட்டத்தக்க முன்னேற்றம் இது. அப்படியானால் ஊரின் பணி முடிந்துவிட்டதா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை அரசால் இலவசமாக வழங்கப்படுகிறது. அதை அவள் உண்கிறாளா, வீட்டில் எல்லாரும் உண்டபின் அவளுக்குச் சோறும் கீரையும் மிஞ்சுகிறதா என்பதை எந்த மருத்துவமனை அறியும்? பிள்ளை பெற்ற பின் காரணமின்றி அழும் இளம்பெண்ணின் துயரை "பிடிவாதம்" என்று சொல்லிவிடும் வீட்டுக்குள் யார் நுழைவது? பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து நம் தெருவில் குடியிருக்கும் கருவுற்ற பெண்ணுக்கு வலி கண்டால், அவள் யார் கதவைத் தட்டுவாள்?

கருவுற்றிருந்த எலிசபெத்தைக் காண மரியா மலைநாட்டுக்கு விரைந்து சென்றதையும், ஏறக்குறைய மூன்று மாதம் உடனிருந்ததையும் நற்செய்தியில் படிக்கிறோம். மே மாதத்தில் அவ்விழாவைக் கொண்டாடுகிறோம். பேறுகாலத்தில் ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் துணைநின்ற அந்நிகழ்ச்சியைப் பக்தியாக மட்டும் வைத்துக்கொண்டோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. பொலிவியாவிலும் நேபாளத்திலும் ஜார்க்கண்டிலும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்த குழுக்கள் நம்மிடம் ஏற்கெனவே உள்ளன. நம் அன்பியங்கள் சில பத்து வீடுகளைக் கொண்டவை, மாதந்தோறும் கூடுபவை. மரியாயின் சேனையும் மாதர் சங்கமும் வீடு வீடாகச் செல்லப் பழகியவை.

அக்கூட்டங்களில் செபத்துக்குப் பின் கால் மணி நேரம் ஒதுக்கி, நம் எல்லைக்குள் கருவுற்றிருப்பவர் யார், எச்சமயத்தவராயினும், என்று கேட்கலாம். அவருக்குக் குறிக்கப்பட்ட நாள் எது, நள்ளிரவில் வண்டி தரக் கூடியவர் யார், அவருடைய குருதி வகையினர் யார், அவசரச் செலவுக்குக் கையில் என்ன இருக்கிறது, கிராம நலச் செவிலியரோடு பேசியாயிற்றா என்று விசாரிக்கலாம். கணவன்மாரையும் மாமியார்களையும் அப்பேச்சில் அமரச் செய்யலாம். ஊரில் தாய் ஒருத்தி இறந்துவிட்டால், இறைவன் திருவுளம் என்று அடக்கத்தோடு முடித்துவிடாமல், எந்த இடத்தில் தாமதித்தோம் என்று ஒன்றுகூடி ஆராயலாம். மக்வான்பூரின் எழுத்தறியாத பெண்கள் கேட்டவை இத்தகைய கேள்விகளே. அவர்களுக்கு விடை கிடைத்தது. நம்மாலும் கேட்க முடியும்.